மத்தியானத்தில் வருகிற அண்ணன்

அன்புள்ள மகனுக்கு,

நீ சுகமா என்று கேட்டுவிட்டு, இங்கே நாங்களும் சுகம் என்று அடுத்த வரியிலேயே எழுதி முடித்துவிடுவது என் வழக்கம். இந்தத் தடவை முதல் வரியை மட்டும் எழுதுகிறேன். நீ சுகமாக இருக்க வேண்டும், கடல் அடங்கியிருக்க வேண்டும், கப்பல் சமையலறையில் கொதிக்கிற எண்ணெய்ச் சட்டியோடு நீ வழுக்கி விழாமல் இருக்க வேண்டும். எங்கள் சுகத்தைப் பற்றிக் கடைசி வரை படித்துவிட்டு நீயே முடிவு பண்ணிக்கொள். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், உன் அம்மா இருக்கிறாள், பேசுகிறாள், சாப்பிடுகிறாள், என்னைத் திட்டவும் செய்கிறாள், அதனால் பதறாமல் உட்கார்ந்து படி. இதைப் போனில் சொல்ல முடியாது. வீட்டில் இருப்பது ஒரே போன், அவள் அதை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள், நான் அந்தப் பக்கம் திரும்பி மூச்சு விட்டால்கூட யாருக்கு என்ன ரகசியம் என்பாள். அதனால் உன் கம்பெனி ஏஜெண்டு மூலமாக இந்தக் கடிதம். இது உன் கைக்கு வருவதற்குள் நாளைக்கு நடக்க வேண்டியது நடந்து முடிந்திருக்கும்.

நான் வேலைக்குப் போகிறேன் என்று போன தடவை சொன்னேன், என்ன வேலை என்று சொல்லவில்லை, நீ சிரிப்பாய் என்று பயந்தேன். எடைமேடையில் உட்கார்ந்து ஆயுள் முழுக்க லாரிகளை எடை போட்டவனுக்கு ஓய்வு பெற்ற பிறகு என்ன வேலை கிடைக்கும். நோயாளி வேலை கிடைத்தது. மருந்துக்கடைக்காரர்தான் சேர்த்துவிட்டார். நர்ஸ் வேலை படிக்கிற பிள்ளைகளுக்கு நிஜ நோயாளியைத் தொடுவதற்கு முன்னால் பழகிக்கொள்ள ஒரு பொய் நோயாளி வேண்டும், வயசானவராக இருந்தால் நல்லது, வாயாடியாக இருந்தால் இன்னும் நல்லது என்றார்களாம். உங்களை விட்டால் யார் இருக்கா என்று கடைக்காரர் சொன்னபோது அது பாராட்டா வேறு ஏதாவதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

பயிற்சிக் கூடம் ஒரு நீளமான ஹால். வரிசையாகக் கட்டில்கள், ஒவ்வொன்றிலும் ஆள் அளவுக்கு ஒரு பொம்மை, கழுத்து வரை போர்வை. பொம்மை என்றால் கடையில் விற்கிற பொம்மை இல்லை, நெஞ்சு ஏறி இறங்கும், கண் மூடித் திறக்கும், மணிக்கட்டில் விரல் வைத்தால் நாடி துடிக்கும், ஒரு பொம்மை பொத்தானை அமுக்கினால் வலிக்குது வலிக்குது என்று சொல்லும். கடைசிக் கட்டிலில் நான். நாங்கள் எல்லோரும் ஒரே மாதிரி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்போம். பிள்ளைகள் சாப்பிடப் போய்விட்டால் ஹாலில் அந்த மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும், உஸ், உஸ் என்று, எல்லாம் ஒரே தாளத்தில். கொஞ்ச நேரத்தில் என் மூச்சும் அந்தத் தாளத்துக்குப் போய்விடும். ஒருநாள் வேண்டுமென்றே மூச்சைப் பிடித்துப் பார்த்தேன், நான் யார் அவை யார் என்று தெரியட்டும் என்று. அந்த நேரம் பார்த்து ஒரு பெண் வந்து, இது வேலை செய்யல சிஸ்டர் என்று கத்திவிட்டுப் போனது. அந்தப் பெண்ணுக்கு நான் முந்திரிக்கொட்டை என்று பெயர் வைத்திருக்கிறேன், எதற்கும் முதல் ஆளாக முன்னால் வந்து நிற்கும், பெரும்பாலும் தப்பான கட்டிலின் முன்னால்.

அங்கே சொல்லிக்கொடுக்கிற பெரிய சிஸ்டர் கறாரான ஆள். கட்டிலுக்கு வந்ததும் முதலில் தன் பெயரைச் சொல்ல வேண்டும், நோயாளியின் பெயரைக் கேட்க வேண்டும், அவர் சொன்னதை மட்டும் நம்பாமல் கையில் கட்டியிருக்கிற பெயர்ப் பட்டையையும் பார்க்க வேண்டும். என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லி, சரி என்ற பிறகுதான் தொட வேண்டும். நினைவில்லாமல் கிடந்தாலும் சொல்லிவிட்டுத்தான் தொட வேண்டுமாம், கேட்காமல் தொட்டால் சட்டப்படி அது அடித்த மாதிரி என்பார். மிஷினைப் பார்க்கிறதுக்கு முன்னாடி மனுஷனைப் பாரு, தோலோட நிறத்தைப் பாரு, பேசறது கோர்வையா இருக்கான்னு பாரு என்பார். எனக்கு ஒரு தாளில் யாரோ ஒருவருடைய வாழ்க்கையை எழுதிக் கொடுப்பார்கள், வேறு பெயர், வேறு வியாதி. அதில் பிள்ளைகளைப் பிடிக்க ஒரு பொறியும் இருக்கும். நான் குரலைத் தாழ்த்தி, சிஸ்டர், உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க என்று கையை நீட்ட வேண்டும். கையைப் பிடித்து சத்தியம் பண்ணினால் தோல்வி. ஏனென்றால் அந்த ரகசியத்தில் உயிர் போகிற விஷயம் இருக்கலாம், வைத்தியம் பார்க்கிறவர்களிடம் சொல்லாமல் இருக்க முடியாது, அதை முன்கூட்டியே நோயாளியிடம் சொல்லிவிட வேண்டும். மற்றபடி அவர் விஷயம் அவருடைய சொத்து, பெற்ற பிள்ளையாக இருந்தாலும் அவர் சம்மதம் இல்லாமல் மூச்சு விடக் கூடாது. என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு முக்கால்வாசிப் பிள்ளைகள் சத்தியம் பண்ணிவிடும். எனக்குப் பெருமை தாங்காது. வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் அளப்பேன், அவள் காய் நறுக்கிக்கொண்டே, பொய் சொல்லப் பழக்கறாங்க, அதுக்கு ஒரு பள்ளிக்கூடம் என்பாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஒருநாள் மத்தியானம் அவசரமாகக் கிளம்பியதில் கையிலிருந்த பெயர்ப் பட்டையைக் கழற்ற மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். கதவைத் தட்டினேன். உன் அம்மா பாதி திறந்து, என் முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், பட்டையில் இருந்த பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிறகு, அவர் இன்னும் வரலையே, உள்ள வந்து உட்காருங்க அண்ணே என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் தொழிலைக் கிண்டல் பண்ணுகிறாள் என்று நினைத்தேன். நடிக்கிறவனிடமா நடிப்பு என்று நானும் செருப்பை ஓரமாக விட்டுவிட்டு, பரவாயில்லைம்மா, காத்திருக்கேன் என்று வாசல் பக்கத்து நாற்காலியில் விருந்தாளி மாதிரி ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். டீ கொண்டுவந்தாள். சர்க்கரை போட்ட டீ. சர்க்கரை டப்பாவை என் கண்ணில் படாமல் ஒளித்துவைத்தவள் கையால் சர்க்கரை போட்ட டீ. இந்த விளையாட்டு நல்லா இருக்கே என்று குடித்தேன். சாயங்காலம் அவள் பழையபடி, ஏங்க, பல்பு போயிடுச்சு, மாத்துங்க என்று கூப்பிட்டாள், மாற்றினேன், அதோடு மறந்துவிட்டேன்.

மறுநாளும் அதே விளையாட்டு. அதற்கு அடுத்த நாளும். பட்டையை வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டுத்தான் போனேன், அப்போதும் அண்ணே என்றாள். நான் முகம் கழுவிவிட்டுத் துண்டை எடுத்தபோது, அது அவரோடது, இந்தாங்க வேற தரேன் என்று மடித்து வைத்த புதுத் துண்டைக் கொடுத்தாள். நான் படுக்கையறைப் பக்கம் போனால் கதவை மெதுவாகச் சாத்தினாள், கோபமாக இல்லை, மரியாதையாக. என் நாற்காலிக்கு எதிரே சுவரில் என் போட்டோ இருக்கிறதல்லவா, அதைக் காட்டி, இவர்தான் எங்க வீட்டுக்காரர், உங்க ஜாடைதான் என்றாள். அவள் உள்ளே போன பிறகு எழுந்துபோய் அந்தப் போட்டோவை உற்றுப் பார்த்தேன். பிறகு கண்ணாடியைப் பார்த்தேன். சிரிக்காதே, ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகமாகத்தான் இருந்தது. வெளியே நல்ல வெயில், தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போகிறார்கள், என் வீட்டில் நான் இன்னும் வரவில்லை.

அது விளையாட்டு இல்லை என்று தெரிந்தது ஒரு காலை நேரத்தில். என் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே, என்னங்க, மத்தியானம் ஒருத்தர் வர்றார், உங்களுக்குத் தெரிஞ்சவரா என்றாள். யாரு, எப்படி இருப்பார் என்று கேட்டேன். அவள் நூலைப் பல்லால் கடித்துவிட்டு, உங்களை மாதிரியேதான் இருக்கார், ஆனா நாம பேசினா காது கொடுத்துக் கேக்கறார் என்றாள். இதில் எதற்கு முதலில் பயப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்குப் பெரிய சிஸ்டரைத் தனியாகப் பார்த்து, என் நண்பர் வீட்டில் ஒரு அம்மாவுக்கு இப்படி என்று சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சரி, உங்க நண்பர்கிட்ட கேளுங்க, திடீர்னு வந்ததா மெல்ல மெல்ல வந்ததா, நாள் முழுக்க இருக்கா வந்து வந்து போகுதா, காய்ச்சல் உண்டா, சிறுநீர் எரியுதா, தலைவலி, வாந்தி, புதுசா ஏதாவது மாத்திரை, சமீபத்துல கீழே விழுந்தாங்களா என்று அடுக்கினார். விழவே இல்லை சிஸ்டர், விழுந்திருந்தா எனக்குத் தெரியாமலா என்றேன், நண்பரை மறந்துவிட்டு. அவர் அதைக் கவனிக்காத மாதிரி, அந்த நண்பர் நான் வேற ஆள்தான்னு ஒத்து ஊதக் கூடாது, இல்லை நான்தான்னு சண்டையும் போடக் கூடாது, அந்தம்மா என்ன உணர்றாங்களோ அதுக்குப் பதில் சொல்லணும், திடீர்னு வந்து வந்து போறது வயசாச்சுன்னு விடற விஷயம் இல்லை, நாள் கடத்தாம டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க என்றார். நானோ சர்க்கரை டீக்கு ஆசைப்பட்டு அத்தனை நாள் ஒத்து ஊதியிருந்தேன். அவளுக்கு அந்த ஆளை உறுதிப்படுத்திக் கொடுத்ததே நான்தான்.

அன்று மத்தியானம் போனேன். அண்ணே என்றாள். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, உனக்கு முடியலையாம்மா, முகம் வாடியிருக்கே என்று மட்டும் கேட்டேன். அவள் எதிரே உட்கார்ந்தாள். உட்காரும்போது இடது கால் கொஞ்சம் இழுத்தது, அதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன், எத்தனை நாளாக இழுத்ததோ. கொஞ்ச நேரம் முந்தானையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு கையை நீட்டினாள். அண்ணே, ஒண்ணு சொல்றேன், எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க என்றாள்.

எத்தனை பிள்ளைகளை நான் இதே கையால் பொறியில் பிடித்திருப்பேன். யோசிக்கவே இல்லை, கையைப் பிடித்து சத்தியம் பண்ணிவிட்டேன். முந்திரிக்கொட்டைகூடக் கொஞ்சம் தயங்கியிருக்கும்.

அவள் சொன்னாள். குளியலறையில் வழுக்கி விழுந்திருக்கிறாள், பின்தலை தொட்டியில் இடித்திருக்கிறது. சில வாரம் ஆகிறதாம். வீக்கம் வற்றிவிட்டது, ஆனால் தலைவலி விடவில்லை, மத்தியானம் ஆனால் வீடு வேறு யாருடைய வீடோ மாதிரி ஆகிவிடுகிறது, சாமான்கள் எல்லாம் சரியான இடத்தில்தான் இருக்கின்றன, ஆனால் யாரோ கழற்றி அதே மாதிரி மாட்டிவைத்த மாதிரி இருக்கிறது என்றாள். பயமா இருக்கு அண்ணே என்றாள். அவள் பயம் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. ஏம்மா அவர்கிட்ட சொல்லலை என்று கேட்டேன், என் குரல் எனக்கே யாருடையதோ போல் இருந்தது. அவர் தாங்க மாட்டார், விரல்ல முள்ளு குத்தினாலே ஊரைக் கூட்டுவார், உடனே பையனைக் கப்பலை விட்டு இறங்கி வரச் சொல்லிடுவார் என்றாள். இதயத்துக்காக அவள் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாள் அல்லவா. தலையில் அடி, அந்த மாத்திரை, வந்து வந்து போகிற குழப்பம், இழுக்கிற கால். எட்டாவதுக்கு மேல் படிக்காத எனக்கே கூட்டிப் பார்க்கத் தெரிந்தது.

வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். அம்மா, நான் சத்தியம் பண்ணினது தப்பு, அவசரப்பட்டுட்டேன், இதை டாக்டர்கிட்ட சொல்லாம இருக்க முடியாது, உள்ளே ரத்தம் கசிஞ்சிருக்கலாம், உயிர் விஷயம், அதுக்கு மட்டும் அனுமதி கொடு என்றேன். அவள் என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். அப்படிப் பார்த்தால் நான்தான் என்று கண்டுபிடித்துவிடுவாள் என்று ஒரு ஆசை, கண்டுபிடித்துவிட்டால் சொன்னதெல்லாம் போய்விடுமே என்று ஒரு பயம். கடைசியில் பேரம் பேசினாள். டாக்டர்கிட்ட சொல்லுங்க. பையனுக்கு எழுதுங்க, ஆனா வேலையை விட்டுட்டு வரக் கூடாதுன்னு சேர்த்து எழுதுங்க. அவர்கிட்ட மட்டும் வேண்டாம். அந்தச் சம்மதத்தின் பேரில்தான் இதை உனக்கு எழுதுகிறேன். மத்தியானத்துச் சம்மதம் செல்லுமா செல்லாதா என்று பெரிய சிஸ்டர் மாதிரி கேட்காதே, என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.

அடுத்த நாள் காலையில் அவளே, என்னங்க, லேசா தலைவலி, ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வரலாமா என்றாள். நான் ஒன்றும் தெரியாதவன் மாதிரி, தலைவலியா, எப்போலேர்ந்து என்று கேட்டேன். அத்தனை நாள் நோயாளியாக நடித்ததில் அதுதான் என் மிகச் சிறந்த நடிப்பு, பார்க்கத்தான் யாரும் இல்லை. டாக்டரைத் தனியாகப் பிடித்து, அவள் விழுந்த விஷயத்தைச் சொன்னேன், ஸ்கேன் எடுத்தார்கள், மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவில் பழைய ரத்தம் தேங்கி மூளையை அழுத்துகிறது. சின்னதாகத் துளை போட்டு வடித்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும் என்றார். பெரும்பாலும் என்ற வார்த்தையை நான் அதற்கு முன்னால் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. அந்த மாத்திரையின் வேகம் இறங்க வேண்டும் என்று நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள், நாளைக் காலை ஆபரேஷன்.

வார்டில் நர்ஸ் அடிக்கடி வந்து கண்ணில் டார்ச் அடித்துப் பார்க்கிறார், என் கையை இறுக்கிப் பிடிங்க என்கிறார், பெயர் என்ன, இது என்ன இடம், இன்னைக்கு என்ன கிழமை என்று கேட்கிறார். காலையில் உன் அம்மா, ஏம்மா, இப்பத்தானே சொன்னேன், அதுக்குள்ள மறந்துட்டியா, நீ வந்து என் கட்டில்ல படு, நான் கேக்கறேன் என்கிறாள். மத்தியானம் எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொல்லிவிட்டு, பக்கத்தில் இருப்பவர் யார் என்று கேட்டால் மட்டும், தெரிஞ்ச அண்ணன் என்கிறாள். ஒரு மத்தியானம் கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்தாள், வார்டு ஆள் கையைக் கட்டிவிடலாம் என்று துணியை எடுத்தான், நர்ஸ் விடவில்லை, விழாம பார்த்துக்கறது நம்ம வேலை, அதுக்காகக் கட்டிப் போட நமக்கு உரிமை இல்லை என்று சொல்லிவிட்டு, கட்டிலைத் தாழ்த்தி, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். சம்மதக் கையெழுத்தும் அப்படித்தான். சின்ன டாக்டர் ஒருவர் மத்தியானத்தில் வந்து, நீங்க புருஷன்தானே, போடுங்க என்று என்னிடம் நீட்டினார். தெரிஞ்ச அண்ணன் என்று அவள் சொல்லப்போவது தெரிந்ததால் நான் பேனாவை எடுக்கவே இல்லை. நர்ஸ் குறுக்கே வந்து, காலையில அவங்க தெளிவா இருக்காங்க, விளக்கிச் சொன்னா புரிஞ்சுக்கறாங்க, அவங்க தலை, அவங்ககிட்டயே கேளுங்க சார் என்றார். இன்று காலை என்னை வெளியே அனுப்பிவிட்டுப் பெரிய டாக்டர் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார், அவளே கையெழுத்துப் போட்டாள். பிறகு என்னை உள்ளே கூப்பிட்டு, சும்மா தலைவலிக்கு ஒரு சின்ன வைத்தியமாம், நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க என்று என் கையைத் தட்டினாள். நான் பயப்படாதவன் மாதிரி தலையாட்டினேன்.

இப்போது மத்தியானம், அவள் தூங்குகிறாள், ஜன்னல் வெளிச்சம் அவள் காலடியில் விழுந்திருக்கிறது. போர்வை ஏறி இறங்குகிறது. அந்த ஹாலில் கேட்ட அதே தாளமா என்று காது என்னையறியாமல் போகிறது, இல்லை, இவளுடையது நடுவில் ஒருமுறை தடுக்கி, ஒரு பெருமூச்சு விட்டு, மறுபடி தொடங்குகிறது. கண்ணைத் திறக்கிறாள். நான் இப்போது யார் என்று பார்த்துவிட்டு வருகிறேன்.

அண்ணன்தான். கொஞ்சம் தண்ணீர் கேட்டாள், உதட்டை நனைத்துவிட்டேன். அறையைச் சுற்றிப் பார்த்து, அவர் எங்க என்று கேட்டாள். பக்கத்துலதான் இருக்கார் என்றேன், அது பொய் இல்லையே. கிட்ட வரச் சொன்னாள். அண்ணே, நாளைக்கு என்னை உள்ள கொண்டு போனதும் அவர் வெளியில தனியா உக்காந்திருப்பார், பெரிய தைரியசாலி மாதிரி ஜோக்கு அடிப்பார், நம்பாதீங்க, உள்ளுக்குள்ள நடுங்குவார், சாப்பிட மாட்டார், நீங்க பக்கத்துல இருந்து பார்த்துக்கங்க என்றாள். சரிம்மா, இருக்கேன் என்றேன். இந்தத் தடவை அவள் சத்தியம் கேட்கவில்லை, நானாகக் கையைக் கொடுத்தேன். பிடித்துக்கொண்டே தூங்கிவிட்டாள், மீதியை வலது கை கிடைக்கும் வரை காத்திருந்து எழுதுகிறேன்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தால் இனி அந்த ஆள் வர மாட்டான். அதைத்தான் நான் வேண்டிக்கொள்கிறேன், ஆனால் மனசின் ஒரு ஓரத்தில், அவள் அவனிடம் சொன்ன மாதிரி என்னிடம் சொல்வாளா என்று ஒரு கேள்வி இருக்கிறது. எப்படியோ, நாளைக்கு அப்பா தனியாக இருப்பாரே என்று நீ கவலைப்படாதே, ஆபரேஷன் அறைக்கு வெளியே இருக்கிற பெஞ்சில் நாங்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருப்போம்.

நீ நீண்ட ஆயுளோடு, கை கால் சுகத்தோடு, நல்ல மனிதர்கள் நடுவில் இருக்க எங்கள் ஆசீர்வாதம். வேலையை விட்டுவிட்டு வரக் கூடாது, இது அம்மாவின் உத்தரவு, எழுதுவதாக ஒத்துக்கொண்டேன், எழுதிவிட்டேன். அடுத்த துறைமுகத்தில் இறங்கியதும் போன் பண்ணு. யார் எடுத்தாலும் ஸ்பீக்கரில்தான் இருக்கும் என்று நினைவில் வைத்துக்கொள். விழுந்ததைப் பற்றி அவளிடம் கேள், சொல்வாள், பக்கத்திலிருந்து நானும் முதல் தடவையாகக் கேட்கிற மாதிரி கேட்டுக்கொள்வேன். என்னிடம் மட்டும் கேட்காதே, அதற்கு அவள் இன்னும் அனுமதி கொடுக்கவில்லை.

இப்படிக்கு,
ஒன்றும் தெரியாத உன் அப்பா